டீச்சரம்மாவின் பேர் என்ன? மலையகப் பெண் முன்னோடிகளைத் தேடி எழுதப் புறப்படுவோருக்கு

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் "பேர்" என்றால் ஆளைக் கூப்பிடும் பெயர் மட்டும் இல்லை. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்துவிட்டால் அரைப்பேர். "போன மாசம் எத்தனை பேர்?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், எத்தனை நாள் சம்பளம் விழுந்தது என்று அர்த்தம். பழைய டீச்சர் ஒருவரைப் பற்றி விசாரிக்கப் போன என்னிடம் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அரைப்பேர்க்காரிகளுக்கெல்லாம் என்னா சாமி வரலாறு?"

அந்த டீச்சர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டியவர். இரவில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு பெண்களுக்குக் கையெழுத்துப் போடப் பழக்கியவர். சம்பள மேசையில் பெருவிரலை நீட்டாதீர்கள் என்று சண்டை பிடித்தவர். அந்த டிவிஷனில், அதாவது தோட்டத்தின் அந்தப் பிரிவில், அவரைத் தெரியாத பெரியவர்கள் இல்லை. பேர் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. "டீச்சரம்மா" என்றார்கள், "மாஸ்டர் பொஞ்சாதி" என்றார்கள். பேரைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

இப்படி ஒருவர் உங்கள் தோட்டத்திலும் இருந்திருப்பார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரன் இல்லை. விழுந்து எழும்பிப் படித்ததைத்தான் சொல்கிறேன்.

1. முதலில் மீனாட்சியம்மாளோடு பழகுங்கள்

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு நேரே போய்விடாதீர்கள். ஏற்கெனவே அச்சில் கொஞ்சமாவது கிடைக்கிற ஒருவரை வைத்துக் கை பழகுவது நல்லது. மலையகத்தில் அதற்குப் பொருத்தமானவர் மீனாட்சியம்மாள் நடேசய்யர்.

கணவர் கோ. நடேசய்யரைப் பற்றித் தேடினால் ஆண்டுகள் வரிசையாக வந்து நிற்கும். 1887இல் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தார், புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையைப் பார்த்தார், 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார், 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டினார், 1936இல் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கு ஹட்டன் உறுப்பினரானார், 1947இல் காலமானார். மீனாட்சியம்மாளைத் தேடினால், அவர் பெரும்பாலும் இந்தக் கதைக்குள் ஓர் ஓரத்தில் நின்றபடிதான் வருவார். கணவரோடு பத்திரிகை வேலை செய்தார், பெண்கள் விஷயங்களை எழுதினார், தோட்டங்களில் கூட்ட மேடை ஏறிப் பாடினார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகத்தைத் தன் பேரில் வெளியிட்டார்.

அந்த ஆண்டைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். முந்திய வருடம், 1939இல், அரசாங்க வேலைகளில் இருந்த நாட்கூலி இந்தியர்களை நீக்கும் நடவடிக்கை வந்தது. அது பற்றிப் பேச ஜூலையில் நேரு இலங்கைக்கு வந்தார். அதே ஜூலையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடங்கியது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் இந்தியர்களது நிலைமை என்று தலைப்புப் போட்டுப் பாட்டுப் புத்தகம் கொண்டுவருகிறார் என்றால், அது பொழுதுபோக்குக்குப் பாடினது இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்திடம் செய்தியைக் கொண்டுபோவதற்குப் பாட்டுத்தான் பத்திரிகை. துண்டுப் பிரசுரத்தைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பாட்டு ஒருமுறை காதில் விழுந்தால் அடுத்த நாள் மலையில் கொழுந்தெடுக்கும்போது தானாக வாயில் வந்துவிடும்.

பயிற்சி இதுதான். ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் கணவரைப் பற்றி உறுதியாகக் கிடைப்பதை எழுதுங்கள், வலப்பக்கம் மனைவியைப் பற்றிக் கிடைப்பதை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எங்கே கிடைத்தது என்று குறியுங்கள். இடப்பக்கம் நிறைந்து வழியும். வலப்பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு வெற்றிடமும் ஒரு கேள்வி. பாட்டை யார் முன்னிலையில் பாடினார், எந்த மெட்டில், பக்கத்தில் நின்று கேட்ட பெண்கள் வீட்டுக்குப் போய் என்ன பேசினார்கள்? உங்கள் டீச்சரம்மாவைத் தேடும்போது கேட்க வேண்டியவையும் இவைதான்.

நடேசய்யர் பற்றி மலையக எழுத்தாளர் சாரல்நாடன் விரிவாக எழுதியிருக்கிறார். குமாரி ஜயவர்தனவின் தொழிலாளர் இயக்க வரலாற்று எழுத்துகளும் கைகொடுக்கும். நூலகம் இணையத்தளத்தில் மலையக நூல்களும் இதழ்களும் ஏராளமாக மின்வடிவில் இருக்கின்றன, காசில்லாமல் படிக்கலாம். அங்கே தேடும்போது ஒரே எழுத்தில் தேடி, இல்லை என்று வந்துவிடாதீர்கள். மீனாட்சி, மீனாக்ஷி, மீனாட்சியம்மை, ஸ்ரீமதி நடேசய்யர், நடேச ஐயர், நடேசையர் என்று எல்லா வழியிலும் தட்டிப் பாருங்கள். அந்தக் காலத்து அச்சுக்கோப்பவர் கையில் எந்த எழுத்து அகப்பட்டதோ அதைப் போட்டிருப்பார்.

இன்னொன்று. இவரை "மலையகத்தின் முதல் பெண் கவிஞர்" என்று பலர் எழுதுவார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். அவருக்கு முன்னால் நூறு வருடமாக லயத்துக் காம்பராக்களில் பெண்கள் தாலாட்டும் ஒப்பாரியும் கட்டிப் பாடியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பேர் விழவில்லை, அவ்வளவுதான். "அச்சில் தன் பேரோடு பாட்டுப் புத்தகம் போட்ட முன்னோடி" என்றால் சரியாக இருக்கும். "முதல்" என்ற சொல்லை எழுதும் முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

2. அப்புறம் உங்கள் ஆள்

தேர்ந்தெடுக்கும்போது பெரிய சாதனை தேடாதீர்கள். பாட்டுக் கட்டியவர், பள்ளிக்கூடத்தில் நின்றவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்துகொண்டே பெண்களைச் சேர்த்தவர், மாதர் சங்கம் நடத்தியவர், தொழிற்சங்கத்தில் முன்வரிசைக்கு வந்தவர், யாராகவும் இருக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும்: அவரை நேரில் கண்ட மூன்று பேராவது இன்று உயிரோடு இருக்க வேண்டும். தாள்கள் பத்து வருடம் கழித்தும் கிடைக்கும், பாட்டி கிடைக்க மாட்டார்.

முதல் வேலை பேர். முழுப் பேர், முதலெழுத்தோடு (இனிஷியல்). பெண்களுக்கு இதில் சிக்கல் இருக்கிறது. கலியாணத்துக்கு முன் தகப்பன் எழுத்து, பின் புருஷன் எழுத்து. பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், வீட்டில் கூப்பிடும் பேர் வேறு, ஞானஸ்நானம் பெற்றிருந்தால் மூன்றாவது பேரும் வரும். செக்ரோல் என்கிற வேலைக்கணக்குப் புத்தகத்தில் கணக்கப்பிள்ளை தன் காதுக்குக் கேட்டபடி எழுதியது நான்காவது. எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள், எதையும் தவறென்று வெட்டாதீர்கள்.

எங்கள் டீச்சரம்மாவின் பேர் எனக்கு எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பழைய உபயகாரர் பலகை ஒன்று சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் மாஸ்டர் பேர் பெரிதாகவும், கீழே பெயின்ட் உதிர்ந்து "பாரியார்" என்ற சொல்லும் அதன் பின் இரண்டு எழுத்தும் இருந்தன. அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு மறுபடி பாட்டியிடம் போனேன். அவர் உடனே முழுப் பேரையும் சொல்லிவிட்டார். "இத மொதல்லயே கேட்டிருக்கலாமே" என்றார். நான் மூன்று மாதமாக அதைத்தான் கேட்டேன். ஞாபகத்துக்கு ஒரு கொக்கி வேண்டும். வெறும் கேள்வி போதாது.

தோட்டத்துக்கும் இரண்டு பேர் உண்டு என்பதை மறக்காதீர்கள். துரைமார் வைத்த இங்கிலீஷ் பேர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடும் தமிழ்ப் பேர் ஒன்று. காகிதத்தில் இருப்பது முதலாவது, பாட்டியின் வாயில் இருப்பது இரண்டாவது. மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று டிவிஷனையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இவை பொருந்தாமல் நான் ஒருமுறை வேறு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் கதையை முழுதாக எழுதிக் கிழித்திருக்கிறேன். பெர்கூசன் டைரக்டரி என்று பழைய வருடாந்தப் புத்தகம் உண்டு. தோட்டங்களின் இங்கிலீஷ் பேர், மாவட்டம், ஏக்கர் எல்லாம் அதில் இருக்கும்.

3. ஆண்டுக் கயிறு ஒன்று கட்டுங்கள்

லயத்தில் யாரும் "1958இல்" என்று பேச மாட்டார்கள். "வோட்டு இல்லாமப் போன காலம்", "பாஸ்போட் எழுதின காலம்", "பஞ்ச காலம்" என்பார்கள். இவற்றை ஆண்டாக மாற்றத் தெரிய வேண்டும். நான் ஓர் அட்டையில் எழுதிப் பைக்குள் வைத்திருப்பேன்.

1920: தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் துரைமார் மீது வைத்த கல்விச் சட்டம். 1931: 21 வயதான ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை, தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் வதிவிட நிபந்தனையோடு. 1948, 1949: பிரஜாவுரிமைச் சட்டங்கள், வாக்குப் பறிபோனது. 1964 ஒக்டோபர்: இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று கணக்கு. 1973, 1974: பஞ்சம். 1975: தோட்டங்கள் அரசுடைமை. அந்தப் பத்தாண்டில்தான் தோட்டப் பள்ளிக்கூடங்களையும் அரசு பொறுப்பேற்றது. 1977, 1983: கலவரங்கள். 1984: தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம். 2003: மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை.

1984ஐப் படித்துவிட்டுத் திரும்ப ஒருமுறை படியுங்கள். அதுவரைக்கும் ஒரே மலையில் நின்ற ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். உங்கள் டீச்சரம்மா 1960களில் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசியிருந்தால், அந்தக் கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைத் தினமும் கையில் வாங்கியவர்கள்.

பிறந்த வருடம் தெரியாவிட்டால், "பஞ்ச காலத்துல ஒங்களுக்கு எத்தனை புள்ள?" என்று கேளுங்கள். பிள்ளையின் வயதிலிருந்து பின்னோக்கி எண்ணலாம். முழுதாகச் சரியாக வராது, இரண்டு மூன்று வருடம் முன்பின் ஆகும். "ஏறக்குறைய" என்று எழுதிவிடுங்கள்.

4. பேசப் போகும்போது

மழையைப் பார்த்து நாள் குறியுங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் என் முதல் நான்கு ஒலிப்பதிவும் தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் போனவை. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் என்றால் ஜூன், ஜூலை வேண்டவே வேண்டாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் இது மாறும். அங்கே வருடக் கடைசி மாதங்களிலும் ஜனவரியிலும் மழை பிடிக்கும், நடு வருடம் காய்ந்திருக்கும்.

வேலை நாளில் போகாதீர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்குப் போய், மலை ஏறி, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்ணுக்குத் தண்ணி எடுக்கவும் சமைக்கவும் இருக்கிறது. ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு போங்கள். சம்பளத்தை ஒட்டிய நாட்களும் சரிவராது. வெறும் கையோடு போகாமல் கொஞ்சம் பிஸ்கட்டோ வாழைப்பழமோ கொண்டுபோங்கள். அவர்கள் கொடுக்கும் தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எனக்குச் சீனி ஆகாது, இருந்தாலும் குடித்துவிடுவேன்.

போனில் பதியலாம், தனிக் கருவி தேவையில்லை. அழைப்பு வராதபடி ஏரோபிளேன் மோடில் போடுங்கள். போனை மேசையில் வைக்காமல் மடித்த துணி மேல், பேசுபவருக்கு ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். தொடக்கத்தில் தேதி, தோட்டம், யார் பேசுகிறார், பதிய அவருக்குச் சம்மதமா என்பதைச் சத்தமாகச் சொல்லி அவர் வாயாலேயே பதில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

"பெண் விடுதலைக்கு அவர் என்ன செய்தார்?" என்று கேட்டால் பாட்டி உங்கள் முகத்தையே பார்ப்பார். இப்படிக் கேளுங்கள்: ஒங்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்குடுத்தது யாரு? கையெழுத்துப் போட்ட அன்னைக்குக் கணக்கப்பிள்ளை என்னா சொன்னாரு? வயசுக்கு வந்த பொம்பளப் புள்ளைய மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி டீச்சர் யார் யார் வீட்டுக்கு வந்தாங்க? வீட்டுல அடி வாங்கினா யார்கிட்டப் போவீங்க? பதில்கள் தானாக வரும். இடையில் அமைதி வந்தால் நீங்கள் பேசி நிரப்பாதீர்கள். அந்த அமைதிக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் நீங்கள் தேடிவந்தது.

மகனோ மருமகனோ பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிக்காகப் பதில் சொல்வார்கள். மரியாதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் இன்னொரு நாள் பாட்டி தனியாக இருக்கும்போது மறுபடி போங்கள். எனக்கு இரண்டு தடவையும் ஒரே கதை கிடைத்ததில்லை.

பிரஜாவுரிமைக் காகிதம், சாதி, கலியாணப் பிரச்சினை என்று சில விஷயங்கள் இன்றைக்கும் நோகும். சொன்னார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் அச்சில் போட உரிமை வந்துவிடாது. "இத எழுதாதீங்க" என்றால் எழுதக் கூடாது. இதில் பேரம் இல்லை.

5. பாட்டைப் பிடிப்பது

கவிஞரின் வாழ்க்கை என்றால் பாதி வேலை பாட்டில்தான் இருக்கிறது. இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள் எல்லோரும் கெடுத்திருக்கிறார்கள், நானும்தான்.

முதலில், சொல்லச் சொல்லாதீர்கள், பாடச் சொல்லுங்கள். மெட்டு இல்லாமல் வார்த்தை ஞாபகம் வராது. பாடும்போது குறுக்கே நிறுத்தி "இது என்ன சொல்?" என்று கேட்காதீர்கள். முழுதாக விட்டு, மறுபடி பாடச் சொல்லி, அதன் பிறகு கேளுங்கள். மூன்று முறை பதிந்தால் மூன்று பாடம் கிடைக்கும். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் மூன்றையும் வையுங்கள்.

மெட்டைக் கேட்டு எழுதுவது முக்கியம். மீனாட்சியம்மாள் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே "இன்ன பாட்டு மெட்டு" என்று ஒரு வரி இருப்பது வழக்கம். எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் புதுச் சரக்கை ஏற்றுவார்கள். எங்கள் டீச்சரம்மாவும் இதைத்தான் செய்திருக்கிறார். வாய்ப்பாட்டை ஒரு கும்மி மெட்டில் கட்டிவிட்டார். அவரிடம் படித்த தாத்தா ஒருவர் ஏழாம் வாய்ப்பாட்டை இன்றைக்கும் பாடித்தான் சொல்கிறார், காலால் தாளம் போட்டபடி.

ஒப்பாரி கேட்பதாக இருந்தால் கவனம். சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பது நம் ஆட்களின் எண்ணம். வீட்டுக்கு வெளியே, வாசலைத் தாண்டி உட்கார்ந்து கேளுங்கள். பாடி முடித்ததும் கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நீங்களும் கழுவுங்கள். பாடுகிறவர் அழுதால் போனை நிறுத்துங்கள்.

எழுத்தில் கொண்டுவரும்போது பேச்சுத் தமிழைத் திருத்தாதீர்கள். "கொளுந்து" என்று பாடியதை "கொழுந்து" ஆக்கினால் எதுகை போய்விடும். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அந்தக் காலத்திலேயே தோட்டம் தோட்டமாகப் போய் நாட்டார் பாடல்களைச் சேர்த்தார். அவர் சேர்த்திராவிட்டால் எத்தனையோ பாட்டு மண்ணுக்குள் போயிருக்கும். அவற்றைப் படித்துவிட்டுப் போனால், பாட்டி பாடுவது எல்லோருக்கும் பொதுவான பழைய பாட்டா, டீச்சரம்மா புதிதாகக் கட்டியதா என்று பிரித்தறிய முடியும். பொதுப் பாட்டுக்கு நடுவில் அவர் நான்கு வரி மட்டும் மாற்றியிருப்பார். அந்த நான்கு வரிதான் கவிஞர்.

6. தாளைத் தேடி

பள்ளிக்கூடத்தில் மூன்றைக் கேளுங்கள்: பிள்ளைகளைச் சேர்த்த இடாப்பு (பதிவேடு), ஆசிரியர் வரவு இடாப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகம். மூன்றாவதில்தான் உயிர் இருக்கும். யார் வந்தார், எந்த நாள் மழைக்குக் கூரை போனது, எந்த டீச்சர் எப்போது பொறுப்பேற்றார் என்று தலைமை ஆசிரியர் கையெழுத்தில் இருக்கும். நான் போன ஒரு பள்ளியில் பழைய புத்தகங்களை இடம் அடைக்கிறது என்று எரித்துவிட்டார்கள். அலுமாரிக்கு அடியில் ஒன்று தப்பியிருந்தது, கரையான் பாதி தின்றது போக. அதில் எங்கள் டீச்சரம்மா ஒரே ஒரு வரியில் வருகிறார், தாமதமாக வந்ததற்காக. அன்றைக்கு எந்த லயத்தில் யாருக்குப் பிரசவம் என்று பாட்டி சொல்லித்தான் தாமதத்தின் காரணம் எனக்குத் தெரிந்தது.

அரசு பொறுப்பேற்ற பிறகு உள்ள காலத்துக்கு வலயக் கல்விப் பணிமனையில் விசாரிக்கலாம். வாய்மொழியாகக் கேட்டு அலைவதைவிட 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். பிறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிக்குப் பிரதேச செயலகம். குடும்பத்தார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் வேலை சுலபம்.

பத்திரிகைகளுக்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடம். 'வீரகேசரி' 1930இலிருந்தும் 'தினகரன்' 1932இலிருந்தும் வருகின்றன. ஆண்டு தெரியாமல் போய் நிற்காதீர்கள். உங்கள் ஆண்டுக் கயிற்றை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதங்களைக் குறிவைத்துக் கேளுங்கள். அடையாள அட்டை, பென்சில், கோடு போட்ட கொப்பி போதும். பழைய தாள் உள்ள இடங்களில் பெரும்பாலும் பேனா எடுக்க விட மாட்டார்கள். கண்டிப் பக்கம் இருப்பவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். எழுதத் தொடங்கும் முன் அங்கே ஒரு காம்பராவுக்குள் நின்று பாருங்கள். எட்டுப் பேர் படுத்த இடத்தில் ஒருத்தி எங்கே உட்கார்ந்து எழுதியிருப்பாள் என்ற கேள்வி அங்கே வரும்.

ஆள் இந்தியாவுக்குப் போயிருந்தால் கதை இங்கே முடிந்துவிடாது. தலைமன்னார் வரைக்கும் கோச்சியில் (ரயிலில்), அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் என்று போனவர்களில் நிறையப் பேர் நீலகிரியில் இறங்கினார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்காகத் தொடங்கியவைதான். இங்கே மிஞ்சிய சொந்தக்காரரிடம் ஒரு வாட்ஸப் எண் இருக்கும். நான் எங்கள் டீச்சரம்மாவின் மகளை அப்படித்தான் பிடித்தேன்.

7. எழுத உட்காரும்போது

பிறந்தார், வளர்ந்தார் என்று தொடங்காதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே அழுத்தமான ஒரு காட்சியை எடுங்கள். நான் பெருவிரல் மை விஷயத்தில் தொடங்கினேன். "புரட்சிப் பெண்", "வீரமங்கை" எல்லாம் வேண்டாம். அப்படிச் சொன்னால் பாட்டிக்கே அடையாளம் தெரியாது. கேட்டதையும் பார்த்ததையும் தாளில் படித்ததையும் கலக்காதீர்கள். "பாட்டி சொன்னார்", "இடாப்பில் இருக்கிறது" என்று வரிக்குள்ளேயே சொல்லிவிட்டால் போதும். அவருடைய குறைகளையும் விடாதீர்கள். எங்கள் டீச்சரம்மா பிரம்பெடுத்தால் நிறுத்த மாட்டாராம், அதை எழுதியதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

8. அச்சுக்குப் போகும் முன்

எழுதியதைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், குறிப்பாகப் பேசியவர்களுக்கு. பிழை உடனே வெளிவரும். படங்களின் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிரதி எடுங்கள், பேரும் தேதியும் அங்கேதான் இருக்கும். வாங்கிய மூலப் படத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பிரதி பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று கோயிலுக்கு, ஒரு மின்பிரதி நூலகம் இணையத்தளத்துக்கு.

முதலெழுத்தைக் கடைசியாக ஒருமுறை குடும்பத்தாரிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. மாஸ்டரின் எழுத்தைப் போட்டு அறுபது பிரதி அடித்தேன். சிறு புத்தகம்தான், முப்பத்திரண்டு பக்கம். பார்சல் கோத்தகிரி போய்ச் சேர்ந்த அன்றைக்கு மகள் ஒரு படம் அனுப்பினார்: டீச்சரம்மாவின் பாட்டுக் கொப்பியின் முதல் பக்கம். கலியாணத்துக்குப் பிறகு எழுதத் தொடங்கிய கொப்பி. அதில் அவர் போட்டிருந்தது தன் தகப்பனின் எழுத்தும் இல்லை, மாஸ்டரின் எழுத்தும் இல்லை. தாயின் எழுத்து.

கையில் மிச்சமிருந்த நாற்பத்தொரு பிரதியையும் வீட்டு மேசையில் அடுக்கி, கறுப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மகள் தன் பிரதியைத் தானே திருத்திக்கொள்வதாகச் சொன்னார். பாட்டிக்குக் கொடுத்ததை வாங்கப் போனேன். அவர் தரவில்லை. பேனாவை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த அதே கோணல் எழுத்தில் அவரே அதை எழுதினார்.